வாய்ஸ் போட்டாலே போதுமே, எழுத்து எதுக்கு?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு டச் போன் எதற்கு என்று கேட்பவர்கள், எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் நூறு நாள் வேலை நடக்கும் ஏதாவதொரு கண்மாய்க் கரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சோற்றைப் பிசைந்தபடி மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். மகளின் நம்பருக்குப் பக்கத்தில் ரோஜாப்பூ, லாரி ஓட்டும் மகனுக்கு லாரி, ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவுக்கு ஊசி என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் படம் வைத்து வாங்கியிருப்பார்கள். படம் இல்லாத நம்பரா, கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தே யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடும் அப்பத்தாக்கள் இருக்கிறார்கள். மைக் படத்தை அழுத்தி மாரியம்மன் பாட்டு என்று சொன்னால் யூடியூப் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுகிறார்கள். பெட்டிக்கடையில் பணம் வந்ததை ஒரு பெட்டி சத்தமாகச் சொல்லிவிடுகிறது.

இத்தனையும் எழுத்தில்லாமல் நடக்கிறது. முதியோர் கல்வியில் வேலை செய்கிறவர்கள் இந்த உண்மையை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வீடுவீடாகப் போய், "பஸ் போர்டு படிக்கலாம், மகன் போடுற கடிதாசியைப் படிக்கலாம், கைநாட்டு வைக்காமக் கையெழுத்துப் போடலாம்" என்று கூப்பிட்டோம். இன்றைக்குக் கடிதாசியே இல்லை. ரேஷன் கடையில் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை, எந்திரத்தில் விரலைத்தான் வைக்கச் சொல்கிறார்கள். கைநாட்டை ஒழிக்கப் புறப்பட்ட தலைமுறையின் கண் முன்னால் கட்டைவிரல் திரும்பி வந்துவிட்டது. மண் வெட்டியும் கல் உடைத்தும் ரேகை தேய்ந்த விரல்களை அந்த எந்திரம் ஏற்க மறுக்கும்போது, அவர்கள் முகத்தில் தெரிவது பழைய அதே கூச்சம்தான்.

சாயங்கால வகுப்புக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது ஒரு ஆத்தா என்னிடம் கேட்டார்: "வாய்ஸ் போட்டா மவன் கேட்டுக்கிறான். அவன் போட்டா நான் கேட்டுக்கிறேன். இதுல எழுத்து எதுக்கு தாயி?"

அவமரியாதையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இணையத்தை வைத்து எழுத்தறிவு சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசுகிற எல்லாரும் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆப் எது, டேப் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், புதிதாக எழுத்துக் கற்ற செலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புரத்துப் பெண்மணிதான் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார். அதே அலையில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல் உடைக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே மேடையில் நின்ற காலம் அது. வீதி நாடகம் வரும், பாட்டு வரும், அது முடிந்த கையோடு அரிக்கேன் விளக்கைச் சுற்றி வகுப்பு உட்காரும். அ, ஆ என்று தொடங்காமல் பழகிய சொல்லில் தொடங்கி எழுத்துக்கு வருகிற முறை. அடுத்தடுத்து மூன்று புத்தகங்கள். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது ஊரறிந்த கதை. அதில் எனக்கு இன்றும் பாடமாக இருப்பது ஒன்று உண்டு. சைக்கிளும் எழுத்தும் ஒரே வருஷத்தில் கற்ற பெண்களில் பலர் சைக்கிளை மறக்கவில்லை, எழுத்தை மறந்துவிட்டார்கள். சைக்கிளுக்குத் தினமும் வேலை இருந்தது: தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, குவாரிக்குப் போக. எழுத்துக்கு அப்படி ஒரு வேலை அமையவில்லை. மூன்றாம் புத்தகம் முடிந்தபின் வீட்டுக்குள் வந்த அச்சுக் காகிதம் என்றால் பொட்டலம் கட்டிய பேப்பர்தான். வகுப்பு நின்றது, எழுத்தும் மெல்ல மெல்ல நகர்ந்துபோனது. இதை அந்தப் பெண்களின் சோம்பல் என்று எழுதியவர்கள் மேல் எனக்கு அப்போதே கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், பெண்களில் 73.44. அதாவது நான்கில் ஒரு பெண்ணுக்கு மேல் வெளியே நிற்கிறார். அந்தக் கணக்குக்குள் வந்தவர்களிலும் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர்.

இணையத்தின் மேல் நான் வைக்கும் நம்பிக்கை இங்கேதான் தொடங்குகிறது. கற்பிக்கும் கருவியாக அது எவ்வளவு உதவும் என்பது இரண்டாவது கேள்விதான். எழுத்துக்குத் தினமும் ஒரு வேலை கொடுக்க அதனால் முடியும். அரிக்கேன் விளக்கு வகுப்புக்குக் கிடைக்காதது அது.

2022-இல் ஒன்றிய அரசு புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டு, 1037.90 கோடி ரூபாய், 15 வயதுக்கு மேற்பட்ட ஐந்து கோடிப் பேர் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. தன்னார்வலர்கள்தான் ஆசிரியர்கள். 2023 ஜூலையில் 'உல்லாஸ்' என்று ஒரு செயலியும் வந்தது. முடிவில் படிக்க, எழுத, கணக்குப் போட என்று மூன்று பகுதியாக 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு உண்டு. எங்கள் சாயங்கால வகுப்பும் இந்த ஏற்பாட்டில் ஒன்று. நடுநிலைப் பள்ளி வராந்தா, ஒரு குழல்விளக்கு, பெரும்பாலும் ஐம்பது தாண்டிய பெண்கள், எப்போதாவது வருகிற இரண்டு மூன்று ஆண்கள்.

நாங்கள் முதலில் செய்வது போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுவது. நிறையப் பேருக்கு அப்படி மாற்ற முடியும் என்பதே தெரியாது. கடைக்காரர் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே இங்கிலீஷில் கிடக்கும். எழுத்தே தெரியாதவருக்கு எந்த மொழியில் இருந்தால் என்ன என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். ஆனால் தமிழில் இருக்கும் போன் நாள் முழுக்கக் கையில் கிடக்கிற ஒரு பாடப்புத்தகம். 'அழைப்பு', 'செய்தி', 'படங்கள்' என்று அந்தந்தப் படத்துக்குக் கீழேயே சொல்லும் நிற்கிறது. படம் ஏற்கெனவே தெரியும், சொல் அதோடு சேர்ந்து பழகிவிடும்.

அடுத்த பாடம் நம்பர் பட்டியல். ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் மகளின் பெயரைத் தமிழில் அடித்துக் கொடுப்போம். பூவை எடுப்பதில்லை. பூவும் பெயரும் ஒரு வாரம் ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் அவரையே பூவை அழிக்கச் சொல்வோம். பெற்ற பிள்ளையின் பெயரைவிட வேகமாக மனசில் ஏறும் சொல் எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்தப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தால் ஒரு வீட்டுப் பட்டியலிலேயே க, ம, ல, ர, வ, ச எல்லாம் வந்துவிடும். அறிவொளியில் நாங்கள் கரும்பலகையில் செய்ததும் இதே முறைதான். அப்போது எல்லாருக்கும் ஒரே சொல்லைப் போட வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுச் சொல் இருக்கிறது.

தமிழ் விசைப்பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று கேட்டதுமே வயதானவர்களுக்கு மலைப்பு வந்துவிடும். சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்து, "இம்புட்டையும் நான் என்னைக்குப் படிச்சு முடிக்க" என்பார்கள். தமிழ்99 விசைப்பலகையில் அந்த அட்டை சுருங்கிவிடுகிறது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம், கூட ஒருசில கிரந்த எழுத்து, அவ்வளவுதான். க தட்டி அடுத்து இ தட்டினால் கண் முன்னால் கி ஆகிறது. க தட்டி ஊ தட்டினால் கூ. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம், விரல் நுனியில் நடக்கும்போது பிடிபட்டுவிடுகிறது. "அப்ப தட்டினா எல்லா எழுத்தும் இதுக்குள்ள இருக்கா?" என்று ஓர் அக்கா கேட்டார். ப தட்டி ஒவ்வொரு உயிராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். எழுத்து ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

குரல் தட்டச்சு இன்னொரு வாசல். மைக்கை அழுத்தி "வெங்காயம்" என்றால் திரையில் வெங்காயம் வருகிறது. தன் வாயிலிருந்து போனது எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும்போது ஏற்படும் ஆர்வத்தை எந்தப் பாட்டாலும் கொண்டுவர முடியாது. ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. "வாங்கியாந்தேன்", "போட்டாக", "எங்கிட்டு" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது வேறு எதையோ எழுதிவிடும். சொன்னவர், தான் பேசுவதே தப்போ என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பை அங்கேயே அப்போதே சரிசெய்ய ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். "உங்க பேச்சு சரிதான் அத்தை, அதுக்குத்தான் நம்ம ஊரு பாஷை இன்னும் பழகல" என்று சொல்ல ஒரு மனுஷி வேண்டும். ஆசிரியரை எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் கொடுக்கலாம் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆசிரியர் இல்லாமல் செய்து பார்க்காமல் இல்லை. டாடா கன்சல்டன்சி நிறுவனத்தை வளர்த்தெடுத்த எஃப்.சி. கோலி 2000-இல் ஆந்திரத்தில் கணினி வழி எழுத்தறிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பழைய கணினிகளில் அசையும் படங்களோடும் குரலோடும் சொற்களைக் காட்டி, நாற்பது மணி நேர அளவில் தெலுங்குச் செய்தித்தாளைப் படிக்க வைப்பது நோக்கம். பிறகு தமிழிலும் அது வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பலம். ஆனால் முக்கியத்துவம் வாசிப்புக்குத்தான், எழுதுவது பின்னால் போய்விட்டது. என் அனுபவத்தில், பெரியவர்களுக்கு வாசிப்பதைவிட எழுதுவதில்தான் மானம் இருக்கிறது. தன் பெயரைத் தானே எழுதிய அன்று தலையை நிமிர்த்தி நடப்பார்கள். நோட்டும் பென்சிலும் எங்கள் வராந்தாவை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம்.

வெளிநாட்டு உதாரணங்களில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுவது ஆப்பிரிக்காவின் நைஜர் நாடு. 2009-இல் அங்கே ஹவுசா, ஜர்மா மொழிகளில் முதியோர் வகுப்புகள் நடந்தன. ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான வகுப்பு, மறு பாதியில் அதே வகுப்போடு சாதாரணக் கைபேசியை இயக்கவும் குறுஞ்செய்தி அனுப்பவும் கற்றுக்கொடுத்தார்கள். ஜென்னி ஏக்கர் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். கைபேசி சேர்ந்த ஊர்களில் மதிப்பெண் கூடுதலாக இருந்தது, வகுப்பு முடிந்து மாதங்கள் கழித்தும் வித்தியாசம் ஓரளவு நின்றது. ஆசிரியர் மாறவில்லை, புத்தகம் மாறவில்லை, இணையம்கூட இல்லை. அங்கே பேசுவதைவிடக் குறுஞ்செய்தி அனுப்பச் செலவு மிகக் குறைவு. எழுத்து தெரிந்தால் காசு மிச்சமாகும் என்பதால் கற்றதைத் தினமும் பயன்படுத்தினார்கள். எங்கள் பெண்களுக்குச் சைக்கிள் நிலைத்ததும் இதே காரணத்தால்தான்.

நம் ஊரில் இன்று பேசுவதற்குத் தனிக் காசு இல்லை. ரீசார்ஜ் செய்தால் அளவில்லாமல் பேசலாம். ஆகவே நைஜரின் காரணம் இங்கே செல்லாது. அப்படியானால் நம் ஆத்தாக்களுக்கு எது காரணமாகும்?

பதில் எங்கள் வகுப்பிலிருந்தே வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அத்தை, மற்றவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டிருந்தார். காரணம் கேட்டதற்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். கட்டிக்கொடுத்த மகளுக்கு மாமியார் வீட்டில் கஷ்டம். மகள் வாய்ஸ் போடுகிறாள். வீட்டில் கேட்டால் மருமகள் காதில் விழுகிறது, வேலைத் தளத்தில் கேட்டால் ஊரே கேட்கிறது. காதில் வைத்துக் கேட்டாலும், என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "எழுதி அனுப்புனா நான் மட்டுந்தானே தாயி பாப்பேன்."

குரலுக்குக் கதவு கிடையாது. படிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தரங்கம் என்று ஒன்று இருப்பதேயில்லை. வங்கிச் செய்தியை மகன் படித்துச் சொல்ல வேண்டும், மாத்திரை அட்டையைப் பேத்தி படித்துச் சொல்ல வேண்டும், குழுக் கடன் கணக்கைக் கடன் கொடுத்தவரே படித்துச் சொல்ல வேண்டும். படித்துச் சொல்கிறவர் எதைச் சொன்னாரோ அதுதான் உண்மை. அவர் விட்டுவிட்டது என்ன என்று தெரியவே தெரியாது. போன் வந்த பிறகு இந்தச் சார்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்னால் மாதத்துக்கு ஒரு கடிதாசியைப் படித்துக் காட்டச் சொன்னார்கள், இப்போது நாளுக்குப் பத்து மெசேஜை எடுத்துக்கொண்டு யாரிடமாவது போக வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.9 சதவீதம் பேரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருக்கிறது. அப்படி வைத்திருப்பவர்களில் குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தவர்கள் 71 சதவீதம். கையில் போன் இருந்தும் அதற்குள் வருவதைப் படிக்க முடியாத பெண்கள் பத்தில் மூன்று பேர். எங்கள் வகுப்பின் வயதுக்காரர்கள் அந்த ஆய்வுக்குள்ளேயே வரவில்லை.

வங்கிச் செய்திக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் பெண்களின் கணக்கில் வரத் தொடங்கியது. பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயரில் வருகிற பணம். அது வந்ததைச் சொல்லும் செய்தி பெரும்பாலும் இங்கிலீஷில் வருகிறது. தமிழ் எழுத்தைக் கஷ்டப்பட்டுக் கற்ற ஒரு பெண், தன் சொந்தப் பணம் பற்றிய செய்தியின் முன்னால் மறுபடியும் எழுத்தறியாதவராக நிற்கிறார். இதைவிட அநியாயம் வேறில்லை. தமிழ்நாட்டில் கணக்கு வைத்திருப்பவருக்குத் தமிழில் செய்தி அனுப்புவது எந்த வங்கிக்கும் முடியாத காரியம் அல்ல. அது நடக்கும்வரை நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். எண்கள் எல்லாருக்கும் தெரியும். எழுத்தறியாதவர் என்று நாம் சொல்கிறவர்களில் எண் தெரியாதவரை நான் பார்த்ததில்லை. ஆகவே தொகையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் தொகை வந்ததா போனதா என்பதுதான் கேள்வி. கிரெடிட், டெபிட் என்ற இரண்டு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் படமாகப் பழக்குகிறோம். வளைந்து வாய் திறந்திருந்தால் வந்தது, வயிறு மூடியிருந்தால் போனது. இரண்டே வடிவம்தான். இதைக் கற்ற அன்று ஒருவர் பழைய செய்திகளையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து, தனக்குத் தெரியாமல் போயிருந்த ஒரு தொகையைக் கண்டுபிடித்தார். அது யார் எடுத்தது என்பது அந்த வீட்டு விஷயம். அடுத்த நாள் ரகசிய எண்ணை மாற்றுவது எப்படி என்று கேட்டு வந்தார்.

மோசடிக்காரர்கள் எங்கள் ஊருக்கும் போன் போடுகிறார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் வேண்டும். இந்த ஒரு வரியைச் செயலியின் தமிழ்த் திரையோடு சேர்த்துப் பாடமாக வைக்கிறோம். 'அனுப்பு' என்ற சொல்லை மின்னல் வேகத்தில் படிக்கிறார்கள் எங்கள் பெண்கள்.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் போன் கற்றுக்கொடுக்கும் வேலை தொடங்கியதும் இப்படி வங்கிக் கணக்கிலிருந்துதான். நூறு நாள் வேலைக்காரர்கள் கூலி வந்ததா என்று பார்க்க ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வங்கியில் காத்துக்கிடந்தார்கள். அதைக் கவனித்தவர்கள், வேலைத் தளத்துக்கே போய்க் கைபேசியில் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2022-இல் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது, அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 2025-இல் மாநிலமே அறிவித்தது. அவர்களுக்கு மலையாள எழுத்து முன்பே இருந்தது என்பது பெரிய வசதி. நமக்கு எழுத்தையும் போனையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வகுப்புக்கு அவர்களைக் கூப்பிடாமல் வேலை நடக்கும் இடத்துக்கு வகுப்பைக் கொண்டுபோனார்களே, அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகளும் இருக்கின்றன. கூகுளின் 'ரீட் அலாங்' அதில் ஒன்று. ஆனால் அது குழந்தைகளுக்காகச் செய்தது. முயலும் யானையும் வருகிற கதையை, நான்கு பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணிடம் நீட்டினால் சிலருக்குச் சங்கடமாகிவிடுகிறது. பேத்தியோடு உட்கார்ந்து படிப்பதாக இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு இருவரும் படிக்கிறார்கள். தனியாகப் படிக்க வேறு வேண்டும்: விதைப் பாக்கெட், உர மூட்டை, மருந்துச் சீட்டு, பட்டா, தெரிந்த ஊர்ச் செய்தி.

இணையம் கற்பவரைவிடத் தன்னார்வலருக்குச் செய்த உதவி பெரிது என்றும் சொல்வேன். அறிவொளியில் நான் தடுமாறினால் அடுத்த ஒன்றியக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். இப்போது சுற்றுவட்டாரத் தன்னார்வலர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ற-வும் ர-வும் குழம்புகிறவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று ராத்திரி கேட்டால் காலையில் நாலு யோசனை வந்துவிடுகிறது. நைஜரிலேயே செய்த இன்னொரு ஆய்வில், வாரம் ஒரு தடவை ஆசிரியரையும் மாணவர்களையும் போனில் கூப்பிட்டு வகுப்பு நடந்ததா என்று கேட்டதற்கே கற்றல் கூடியிருக்கிறது. யாரோ ஒருவர் நம்மை நினைத்துக் கேட்கிறார் என்பதற்கு அவ்வளவு பலம். அதே போனில் போட்டோ எடுத்து அனுப்பு, வருகையைப் பதிவேற்று, எண்ணிக்கை கொடு என்று மட்டுமே வந்துகொண்டிருந்தால் அந்தப் பலம் வடிந்துவிடும். சிக்னலுக்காகப் பள்ளிக் காம்பவுண்டுக்கு வெளியே போய் நிற்கும் தன்னார்வலர், அந்த நேரத்தில் ஓர் அக்காவின் கையைப் பிடித்து ழ எழுதப் பழக்கியிருக்கலாம்.

யாருடைய போன் என்ற கேள்வியும் இருக்கிறது. மகன் வைத்திருந்த பழையது, கண்ணாடி உடைந்தது, பேரன் வீட்டில் இருந்தால் அவன் கையில் இருப்பது. வகுப்பு நேரத்தில் போன் இல்லாமல் வருகிறவர்களைப் போன் இருப்பவர்களோடு சேர்த்து உட்கார வைக்கிறோம். நைஜரில்கூட ஆளுக்கொன்று கொடுக்கவில்லை, பகிர்ந்துதான் கற்றார்கள்.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன். அறிவொளிக்குப் பின்னால் படிக்க ஒன்றுமில்லாமல் எழுத்து போனது என்றேன் அல்லவா, அதற்கான முயற்சி இது. எங்கள் பெண்களுக்கு எழுத வராவிட்டாலும் சொல்ல வரும். ஆளுக்கொரு வாய்ஸ் போடச் சொல்கிறோம். முதல் பிரசவம், கண்மாய் உடைந்த வருஷம், குவாரியில் கல் விழுந்தது, மகனை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய ராத்திரி என்று எதையாவது. அதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஏழெட்டு வரியாக அடித்துப் பெரிய எழுத்தில் அவருக்கே திருப்பி அனுப்புகிறோம், கூடவே அவர் குரலும். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதால் பயம் இல்லை. குரலை ஓடவிட்டு விரலை எழுத்தின் மேல் நகர்த்துகிறார்கள். பிறகு குரலை நிறுத்திவிட்டுப் படிக்கிறார்கள். பிறகு அடுத்தவர் கதையைப் படிக்கிறார்கள். அங்கேதான் உண்மையான வாசிப்பு தொடங்குகிறது, அந்தக் கதை என்னவென்று முன்கூட்டித் தெரியாதே. யார் கதை யாருக்குப் போகலாம் என்பதை மட்டும் சொன்னவரிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

இதில் எங்கள் குழுவுக்குள் ஒரு சண்டை ஓடுகிறது. "வந்துச்சு" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுவதா, "வந்தது" என்று எழுதுவதா? பஸ் போர்டிலும் மனுவிலும் செய்தித்தாளிலும் அவர் பார்க்கப்போவது இரண்டாவதுதான், அதைத்தான் பழக்க வேண்டும் என்கிறார்கள் பள்ளி ஆசிரியர்களாக இருப்பவர்கள். முதல் ஐந்தாறு கதைகளாவது அவர் பேச்சிலேயே இருக்கட்டும், தன் வாய்ச்சொல் எழுத்தில் ஏறும் தகுதி உள்ளது என்று அவருக்குத் தெரிந்த பிறகு மெல்ல மாற்றலாம் என்பது என் கட்சி. ஓர் அக்காவுக்கு இரண்டு மாதிரியும் அனுப்பிப் பார்த்தோம். இரண்டையும் படித்துவிட்டு, முதலாவது தன் கதை என்றும், இரண்டாவது தாசில்தாருக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டும் வேணும் என்றும் சொன்னார். முதியோர் பென்ஷன் மனு ஒன்று அவருக்கு நிலுவையில் இருக்கிறது, அடுத்த வாரம் அதைத்தான் அவர் கையாலேயே எழுதப் போகிறோம்.